பிறக்காத மர்வானின் தகப்பன்

ஹிக்மத்துக்கு மீசை அரும்பிய காலத்திலேயே அபூ மர்வான் என்று பெயர் விழுந்துவிட்டது. மர்வான் அவனுடைய அப்பாவின் பெயர். வீட்டுக்கு மூத்தவனுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் தாத்தா பெயரைத்தானே வைக்கப்போகிறார்கள்? அதை இன்றைக்கே சொல்லி, மர்வானின் அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் என்ன குறைந்துபோகிறது? அரபு தேசத்தில், அவர்கள் ஊரான கரக் பக்கத்தில் பையன்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அத்தைமார்கள் கன்னத்தைக் கிள்ளி, "வாடா அபூ மர்வான், வந்து சாப்பிடு" என்பார்கள். பயலுக்குப் பெருமை தாங்காது.

பெயர் வந்துவிட்டது, பிள்ளைதான் வரவில்லை. முதலில் தங்கைகளின் கல்யாணம், பிறகு அம்மா படுத்த படுக்கை. நடுவில் சல்வா என்று ஒரு டீச்சர், நல்ல பெண், இவருக்காகக் காத்திருந்தாள். "அம்மாவுக்குக் கொஞ்சம் சரியாகட்டும்" என்றார் இவர். அம்மாவுக்குச் சரியாகவில்லை. சல்வாவுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் முடிந்தது. மனுஷன் அதற்குப் பிறகு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் அவருடைய காதல் கதை, இதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பிழைப்புக்கு அவர் செய்தது என்ன தெரியுமா? இர்பித் நகரத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடம். ஒரு மனிதன் 'நான் இன்னார்' என்று எப்படி ஆகிறான் என்பதை இளசுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது! வாழ்க்கை பல கட்டங்களாகப் போகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி நிற்கிறது என்பார். விடலைப் பருவத்தில் 'நான் யார்?' வாலிபத்தில் 'யாரோடு சேர்ந்து வாழப்போகிறேன்?' நடுவயதில் 'எனக்குப் பின்னால் யாரை வளர்த்துவிட்டேன்?' கடைசியில் 'வாழ்ந்தது சரிதானா?' தானாகத் தேடாமல், வீட்டார் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு, இதுதான் நான் என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு என்று சொல்லும்போது மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கரக்கில் இருந்தவரை தொல்லை இல்லை. அங்கே மர்வான் இல்லை என்பது ஊருக்கே தெரியும். இர்பித்துக்கு மாற்றலாகி, மாடி வீட்டுக்குச் சாமான் ஏற்றிய அன்றுதான் வினை பிடித்தது. கீழ்வீட்டு டயர் கடைக்காரர் அபூ நவாஃப் பெட்டிக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே கேட்டார்: "அபூ மர்வானா? நல்ல பேரு. பிள்ளை எங்க, மர்வான்?"

பாதித் தலை நரைத்த ஆளைப் பார்த்து, இது வெறும் பட்டப்பெயர் என்று யாருக்குத் தோன்றும்? படியேறிய களைப்பு வேறு. ஹிக்மத் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "வெளிநாட்டுல படிக்கிறான்" என்றார்.

"எந்த நாடு?"

"ஜெர்மனி."

"தாய்?"

ஹிக்மத் தலையைக் குனிந்துகொண்டார். இறந்துபோனாள் என்று எடுத்துக்கொண்டு, அபூ நவாஃப் பெட்டியைக் கீழே வைத்து அந்த மகராசிக்காக அங்கேயே ஒரு ஃபாத்திஹா ஓதினார். சாயங்காலம் அவர் மனைவி உம்மு நவாஃப் திராட்சை இலையில் சோறு பொதிந்து ஒரு தட்டு நிறைய அனுப்பிவைத்தாள். தாயில்லாப் பிள்ளையைத் தனியாக வளர்த்த மனுஷன் அல்லவா! அந்தத் தட்டு காலியானபோது, உண்மையைச் சொல்ல இருந்த நேரமும் போயிற்று.

பிறகு மர்வான் தானாகவே வளர்ந்தான். படிப்பை முடித்தான், லைப்ஸிக் நகரத்தில் வேலைக்குப் போனான், ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தான். பெருநாள்தோறும் அபூ நவாஃப் கேட்பார், "மர்வான் பேசினானா?" இவர் சொல்வார், "பேசினான், உங்களுக்கும் சலாம் சொன்னான்." வெட்கக்கேடு என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றும் இருக்கும்.

ஒருநாள் வகுப்பில் ரஹஃப் என்ற பெண் எழுந்தாள். "உஸ்தாத், பிள்ளைகுட்டி இல்லாதவங்க அந்த நடுவயசுக் கட்டத்தை எப்படித் தாண்டுவாங்க?"

"பெத்தாதான் பிள்ளையா? சொல்லிக்கொடுத்து வளர்க்கலாம், ஒரு வேலையை உருப்படியாச் செஞ்சு விட்டுட்டுப் போகலாம்" என்று புத்தகத்தில் உள்ளபடியே மளமளவென்று சொன்னார்.

"உங்களுக்கென்ன உஸ்தாத், மர்வான் இருக்காரு, நீங்க சொல்வீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்வார்?

இப்படியே ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் கீழ்வீட்டுப் பையன் நவாஃபுக்குப் படிக்க இடம் கிடைத்தது. எங்கே? உலகத்தில் வேறு ஊரே இல்லாததுபோல லைப்ஸிக்கில். அபூ நவாஃப் கனாஃபா இனிப்புத் தட்டோடு மாடிக்கு ஓடிவந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு இனி ஒரு கவலையும் இல்லை. மர்வான் நம்பரைக் குடுங்க. ஏர்போர்ட்டுக்கு வந்து பயலைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

ஹிக்மத் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். முன்பின் தெரியாத ஊரில் அடுத்தவர் பிள்ளை தெருவில் நிற்கும். இனி மறைக்க வழியில்லை.

"அபூ நவாஃப், எனக்கு மர்வான்னு ஒரு பிள்ளையே கிடையாது."

அந்த ஊரில் ஒரு தகப்பன் அப்படிச் சொன்னால் பிள்ளையைத் தலைமுழுகிவிட்டார் என்று ஒரே அர்த்தம்தான். அபூ நவாஃபின் முகம் இருண்டது. "அப்படி என்ன பண்ணிட்டான்?"

"ஒண்ணும் பண்ணலை. அவன் பிறக்கவே இல்லை."

"வாயைக் கழுவுங்க! எங்கப்பாவும் என் தம்பியை இதே வார்த்தைதான் சொன்னாரு. ஜெர்மன்காரியைக் கட்டிக்கிட்டானா?"

"எனக்கே கல்யாணம் ஆகலைய்யா!"

"பாருங்க, பிள்ளை மேல உள்ள கோபத்துல கட்டினவளையும் இல்லைங்கறீங்க. செத்துப்போன மகராசி என்ன பாவம் பண்ணினா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார். கனாஃபா தட்டு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தெருப் பெரியவர்கள் திரண்டு மாடியேறினார்கள். முன்னால் மேலங்கி போட்ட ஹாஜ் தியாப், தெருவில் எந்தச் சண்டைக்கும் ராஜி பேசுகிறவர். பின்னால் அபூ நவாஃப், நவாஃப். ஹிக்மத் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஹாஜ் கோப்பையை வாங்கி, வாயருகே கொண்டுபோகாமல் எதிரே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்போம் என்று பொருள்.

"மர்வானை மன்னிச்சிடணும். காரணம் கேட்க வரலை நாங்க" என்றார் ஹாஜ்.

"ஹாஜ், சத்தியமாச் சொல்றேன், அப்படி ஒருத்தன் இல்லை."

"தகப்பன் மனசு அப்படித்தான் பேசும். நாங்க காத்திருக்கோம்."

காத்திருந்தார்கள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கல்யாணமே ஆகாதவர் என்று சொல்லும் குடும்ப அட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாம், கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. காட்டினால் மர்வான் போய்விடுவான். மர்வான் போனால் அபூ மர்வானும் போய்விடுவார். அப்புறம் அந்த வீட்டில் மிச்சமிருப்பது யார்? விடலைப் பருவத்துக்கு என்று வகுப்பில் அவர் சொல்லும் கேள்வி அது.

"காப்பியைக் குடிங்க" என்றார். "மன்னிச்சிட்டேன்."

சொன்ன மாத்திரத்தில் அழுகை பீறிட்டது. அது பொய்யழுகை இல்லை. பிறக்காமல் போனதற்காக அவனை அவர் நிஜமாகவே அன்றைக்குத்தான் மன்னித்தார். அபூ நவாஃப் கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் ஆறிய காப்பியை மடக்மடக்கென்று குடித்தார்கள்.

நவாஃப் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பெரியப்பா, நம்பர் வேண்டாம். நானே தேடிக் கண்டுபிடிச்சு உங்க முன்னால கொண்டுவந்து நிறுத்துறேன். ஆள் எப்படி இருப்பாருன்னு மட்டும் சொல்லுங்க."

ஹிக்மத் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார்.

"உயரமா இருப்பான். எங்கப்பா உயரம். இடது கைப்பழக்கம். சிரிச்சா கண்ணு மூடிக்கும். பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டான், எல்லாரையும் தொட்டுத் தொட்டுப் பேசுவான்..."

"அப்போ முகம் உங்க ஜாடைதானே, பெரியப்பா?"

"என் ஜாடை இல்லைடா!" என்று கத்திவிட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. அவர் பையனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "என்னை மாதிரி இருக்கவே மாட்டான். அவன் கல்யாணம் பண்ணியிருப்பான்."