பாஞ்சாலை வாங்கிய மாடி

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்ற அந்த மாடிக் கட்டிடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இட்லிக் கடை நடத்தியும், பாஞ்சாலை ஒரு நாள்கூட மாடிப்படி ஏறியதில்லை. கீழே மூன்று கடை, மேலே நான்கு குடித்தனமும் கட்டிடக்காரர் அப்பாதுரை உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முன்னறையும். கடைக்காரர்கள் படியடியில் நின்றுதான் வாடகை கொடுக்க வேண்டும் என்பது அப்பாதுரை போட்ட சட்டம். கட்டிடமும் அவருடையது, உப்பளமும் அவருடையது, கேட்க யார் இருந்தார்கள்? பாஞ்சாலையே கடை போடுவதற்கு முன் அவர் அளத்தில் உப்பு வாரிக் கால் வெந்தவள்தான்.

எழுபத்துநாலில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். பாண்டிச்சேரிப் பணக்காரர்களுக்கு எங்கள் கடல்மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது. ஐப்பசி மழையோடு அப்பாதுரை கடைக்கு வந்து, லாட்ஜ் வைக்க ஒரு பார்ட்டி கேட்கிறது, தைக்குள் எல்லோரும் காலி செய்யுங்கள் என்றார்.

"என்ன வெல சொல்றீங்க? நானே வாங்கிக்கிறேன்" என்றாள் பாஞ்சாலை.

அப்பாதுரை விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து சலூன்கார சகாதேவனும் சிரித்து வைத்தான், பாவம், அவன் பிழைப்பு அப்படி. சிரிப்போடு விலையைச் சொன்னார். அவள் உப்புச் சட்டியை எடுத்து நீட்டினாள். எங்கள் பக்கம் உப்பு வியாபாரத்தில் பத்திரம் கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் உப்பில் கை வைத்தால் பேச்சு முடிந்தது. அவள் வைத்தாள். அப்பாதுரையும் விளையாட்டாக வைத்துவிட்டார்.

பாஞ்சாலை விளையாடவில்லை. காதில் கழுத்தில் கிடந்தது போயிற்று. புருஷன் விட்டுப்போன முந்திரிக் கொல்லை போயிற்று. தெருவில் நிற்பதற்கு இது மேல் என்று மாடிக்காரர்கள் அவளிடம் வாடகையை முன்கூட்டியே கொடுத்தார்கள். மார்கழிக் கடைசியில் அவள் பணத்தோடு போனபோது, பாண்டிச்சேரி ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் கூடுதலாகத் தருகிறார், உப்பாவது புளியாவது, போய் இட்லி ஊற்று என்றார் அப்பாதுரை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போறேன். ஆனா நாளைக்கு உங்க அளத்துல சேறு மிதிக்க ஒருத்தி வரமாட்டா. உப்புல வச்ச கையையே இல்லன்னுட்டீங்க. உங்க கூலிப் பேச்ச இனிமே யாரு நம்புறது?"

வாய்ச்சவடால் என்றுதான் அவர் நினைத்தார். தை பிறந்ததும் மற்ற அளங்களில் வேலை தொடங்கியது. அவர் அளத்தில் வரப்பும் நாரையும்தான் இருந்தன. பெண்கள் ஒருவரும் இறங்கவில்லை. அவரிடம் காலங்காலமாக உப்பெடுத்த வியாபாரிகளோ, இந்த வருஷம் உப்பில் கை வைத்தால் போதாது, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சொன்ன விலைக்கே கட்டிடத்தைப் பாஞ்சாலைக்கு விற்க ஒத்துக்கொண்டு, ரிஜிஸ்டர் ஆபீசில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே பாஞ்சாலை அந்த உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக மாடி ஏறினாள். முன்னறையில் இருந்த தன் பீரோவை எடுக்க அப்பாதுரை பின்னாலேயே வந்தவர், படியடியில் நின்றுவிட்டார். சகாதேவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான்.

பாஞ்சாலை மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏறி வாங்க. இப்ப இது என் கட்டடம். இங்க யாரும் கீழ நிக்கத் தேவையில்ல."