முழந்தாள் பட்ட தரை

சென்ற கிழமை, நண்பர் மரியதாசின் மகள் கியூபெக்கின் வில்லரேப் பகுதியில் வாங்கிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அடுக்களையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பால் மணத்தினூடே மரத்தரையிலிருந்து பழைய மெழுகின் வாசம் எழவும், நான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. இன்று அடுக்குமாடியாகிவிட்ட அக்கட்டடம் முன்பு கத்தோலிக்கத் தேவாலயம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மாசி மாதம். மறுநாள் மரியதாசின் மனைவிக்கு இதய அறுவை. வாயிலிலிருந்து பீடம் வரை முழந்தாளில் செல்வதாக மரியதாஸ் நேர்ந்திருந்தார். ஆலயமோ பூசை நின்று விலைக்குக் காத்திருந்தது. கதவுத் திறப்பை வைத்திருந்தவர் ஒரு கியூபெக் மூதாட்டி. இளமையிலேயே கடவுளை விட்டு விலகியவர்; குளிரில் நீர்க்குழாய் வெடிக்காமல் பார்ப்பதுதான் அங்கே அவர் பணி.

"இஞ்ச இனி ஒருத்தரும் இல்லையாம் எண்டு சொல்றா," என்றார் மரியதாஸ் என்னிடம். பின், தமக்குத் தெரிந்த பிரெஞ்சில் இரந்தார். கதவு திறந்தது.

துணைக்குச் சென்ற சைவன் நான், வாய் சும்மா இராமல், இடைக்கால ஐரோப்பாவில் அடியார்கள் முழந்தாளில் ஊர்ந்த வரலாற்றை விரிக்கலானேன்.

"அண்ணன், சரித்திரத்த மறுகா சொல்லுங்க. முதல்ல சப்பாத்தக் கழட்டுங்க."

இடைமறித்தார் மரியதாஸ். ஆலயத்துள் வெறுங்காலோடு நுழைவது அவர் ஊரான மட்டக்களப்பின் வழக்கம். சப்பாத்தோடு பூசை காணும் நாட்டில் பிறந்த மூதாட்டி, உறைந்த தரையில் எங்கள் வெறுங்கால்களைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

மரியதாஸ் முழந்தாளிட்டார். பலகை முனகியது. பாதி வழியில் உடல் தளர்ந்து இருக்கையொன்றைப் பற்றினார், விட்டார், மீண்டும் ஊர்ந்தார். மூதாட்டியின் சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. சிறுவயதில் தமக்கு வந்த காய்ச்சல் தணிய வேண்டித் தம் தாயும் இத்தரையில் இப்படித்தான் சென்றார் என்று மூதாட்டி மெல்லச் சொன்னார். பிறகு குனிந்து, தம் பனிச்சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். முடிந்துபோனதென்று நூல்களில் நான் படித்த காலம் என் கண்முன் மூச்சுவிட்டது.

அறுவை நலமாய் முடிந்தது. புகுவிழாவில் பால் காய்ச்சியவரே மரியதாசின் மனைவிதான். மூதாட்டி மறைந்துவிட்டாராம்.

விடைபெற்று வெளியே வந்தேன். நடைவழி நெடுக, பிரெஞ்சுக்காரர் வீட்டு வாயில்களிலும், சப்பாத்துகள். பனிச்சேறு தரையைப் பாழாக்குமே! பீடம் இருந்த திசையை நோக்கினேன். இடையில் எத்தனையோ வீட்டுச் சுவர்கள். என் சப்பாத்தை மாட்ட மனமின்றி, வெப்பமூட்டிய அத்தரையில் வெறுங்காலோடு சற்று நின்றேன். குளிரவே இல்லை.