ஒத்தைக்கால் சாம்பிள்

சொல்யூஷன் வாசனை... தோலை ஒட்டுகிற பசை. டிபன் பாக்ஸைத் திறந்தால் சாம்பார் சாதத்திலும் அதுதான் அடிக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் நான் வேலை பார்த்த நாட்கள் அவை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் எப்போதும் ஒரு கால்தான். ஆர்டர் வந்தால்தான் அதற்கு ஜோடி. வேண்டாம் என்று திரும்பி வந்த ஒத்தைக்கால்கள் ரேக்கில் தூசி படிந்து கிடக்கும்.

அப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். குடியாத்தம் தறிக்காரர் வீட்டுப் பெண் செல்வி, வீட்டை விட்டு ஓடிப்போகிற கதை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்க எனக்கிருந்த ஒரே ஆள், தையல் மெஷினில் உட்காரும் ஷமீம். கேட்டுக்கொண்டே என் டிபனையும் காலி செய்துவிடுவாள், அது வேறு விஷயம்.

நாவல் பதிப்பகங்களிலிருந்து திரும்பித் திரும்பி வந்தது. வரும்போதெல்லாம் முதல் அத்தியாயத்தை மாற்றினேன். மழையில் ஓடினாள், வெயிலில் ஓடினாள், பஸ் ஏறி ஓடினாள்...

ஒருநாள் ஷமீம் கடுப்பாகிவிட்டாள்.

"இன்னாடி, மறுபடியும் ஓட்றாளா? எனக்கே கால் வலிக்குது. ரிட்டன் வந்த சாம்பிள பிரிச்சி பிரிச்சி தெச்சா தோலெல்லாம் ஊசி ஓட்டையா பூடும். ரேக்ல வெச்சிட்டு வேற கட்டிங் போடு."

எனக்குக் கோபம். ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்புறம் செல்வியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு கதை ஆரம்பித்தேன். அழுதுகொண்டேதான்.

அதுவும் திரும்பி வந்தது. அதற்கு அடுத்ததும்.

இப்போது பாகாயத்தில் வீடு, வேலூரில் ஆபீஸ் வேலை. அன்றைக்குத் திருப்பி அனுப்பவாவது ஆள் இருந்தது. இன்று மெயில் போட்டால் பதிலே கிடையாது. அலுத்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். போன வாரம் லேப்டாப்பை மூடி, இனி எழுதுவதில்லை என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் ஷமீம் போன் செய்தாள். மகள் கல்யாணத்துக்கு அழைப்பு. பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"அந்த செல்வி இன்னா ஆனா? ஓடிட்டாளா, இல்லியா?"

"ரேக்லதான் இருக்கா."

"சரி... இப்ப யாரு?"

யாருமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அமிர்தில, ஜூ வாசல்ல டிக்கெட் கிழிக்கிற ஒரு பொம்பள..."

"இரு இரு, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்."