அறுந்து கிடந்த கம்பி

மழை ஈரத்தில் மின்கம்பி முனகினால் இன்றும் நான் எடுத்த அடியை வைக்காமல் நின்றுவிடுவேன்.

காரமடைப் பக்கம், அடுத்த தோட்டத்துப் பழனிச்சாமி காட்டுப்பன்றிக்குப் போட்ட கரண்ட் வேலியில்தான் என் அண்ணன் செத்தான். அன்றிலிருந்து சர்ச்சில் பரமண்டல ஜெபம் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரிக்கு வந்ததும் என் வாய் பூட்டிக்கொள்ளும்.

கைதாகி ஜாமீனில் வந்த பழனிச்சாமி மறுபடியும் கம்பி கட்டினார். ஒரு சாயங்காலம் அது அறுந்து, வாய்க்கால் தண்ணீரில் கிடந்து முனகியது. அதைக் கவனிக்காமல் வெறுங்காலோடு வந்தார். எதிர்க்கரையில் நான் சும்மா நின்றால் போதும். நின்றேன். தண்ணீரில் வைக்க அவர் காலைத் தூக்கியபோதுதான் என் வாய் திறந்தது.

"ஏனுங்க, நில்லுங்க, தண்ணியில கரண்ட்டுங்க."

கம்பியைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உட்டிருக்கலாமே அம்மணி."

"உட்டுப்போட்டுத்தானுங்க இத்தனை நேரம் நின்னேன். அதுக்கு நீங்க என்னைய மன்னிக்கோணும்."

கம்பி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்தபடி எழுந்தார்.

"கரண்ட்ட நிறுத்தி, கம்பிய அவுத்துப்போட்டு வாரேனுங்க அம்மணி."