சூடான இரும்பில் மண்ணெண்ணெய்

என் காரில் புகைக்குழாயை இன்ஜினோடு பிடிக்கும் ஸ்டட் முறிந்திருந்தது. மெக்கானிக் வண்டி ஓடிவந்த சூட்டிலேயே அதில் மண்ணெண்ணெய் விட்டார். அந்த வாடையில் எனக்கு மறுபடி பதினொரு வயது.

பெரம்பலூர் மாவட்டமான வருடம். அப்பாவின் வாடகைக் காரில் இதே ஸ்டட் துருவேறி இறுகிவிட்டது. "மண்ணெண்ணெய் நல்லா ஊறட்டும், காலையில கழட்டிக்கலாம்" என்று கூட வேலை செய்த சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போனார். எறையூர்க் கல்யாணத்துக்குப் போகும் அவசரம் எனக்கு. ஸ்பேனர் பிடியில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி அதில் தொங்கினேன். பட்டென்று முறிந்தது.

அப்பா சித்தப்பாவை அறைந்தார். "ஒனக்குப் பொறுமையே கெடையாதாடா?"

சித்தப்பா என் கையில் அப்பியிருந்த கரியைப் பார்த்தார். நாங்கள் பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போக, அவர் காருக்கடியில் படுத்து, முறிந்ததைத் துளையிட்டு எடுத்துப் புது ஸ்டட் போட்டார்.

"ஊறவிடாம யாருங்க திருகுனது?" மெக்கானிக் கேட்டார். என் டிரைவர் தலைகுனிந்தார்.

"நான்தான்" என்றேன்.