கோடு போட்ட போத்தல்

டாக்டரின் மேசைக்கு முன்னால் அம்மாவும் நானும் இருந்தோம். அக்கா இல்லை. கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், லீவு கொடுக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். படிச்சவன் நீ போ, எனக்கு உள்ளே என்ன தெரியும் என்று சொல்லி மரத்தடியில் நின்றுகொண்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் அம்மாவின் உடம்பைப் பற்றிச் சிங்களத்தில் சொல்லும் வேலை என்னுடையது.

அம்மாவுக்கு அப்போது கால் இரண்டும் வீங்கியிருந்தன. சோற்றைக் கண்டாலே குமட்டல். இரத்தம் சோதித்த ரிப்போர்ட் துண்டைப் பார்த்துக்கொண்டே, இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று டாக்டர் கேட்டார்.

நான் அம்மாவைக் கேட்கவில்லை. தேயிலை மலையில் மட்டும் ஒரு லீட்டர் என்று நானே சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

மாத்தளையில் ஒரு போட்டோக் கொப்பி கடையில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியபோது, அம்மாவுக்கு ஒரு லீட்டர் பிளாஸ்டிக் போத்தல் வாங்கினேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் காலையில் ஒரு பிளேன்டீயோடு மலைக்கு ஏறினால் பின்னேரம்வரை தண்ணீர் தொடமாட்டார்கள். அது கூடாது என்று நான் படித்திருந்தேன். போத்தலில் மார்க்கர் பேனையால் நான்கு கோடு போட்டு, ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று என்று மணி எழுதினேன். அந்த மணிக்கு அந்தக் கோடுவரை குடிக்க வேண்டும். அம்மாவோடு மலைக்குப் போகும் பெண்கள் என்னைத் தண்ணீர் எடுக்கும் பீலியடியில் பிடித்துக் கேலி செய்தார்கள். "என்ன தம்பி, அம்மாவுக்கு மருந்துத் தண்ணியா குடுத்து விடுறீங்க? எங்களுக்கும் ஒரு கோடு போட்டுத் தாங்களேன்."

ஒவ்வொரு பின்னேரமும் போத்தல் வெறுமையாக வந்தது. இரண்டு வருடம் அப்படி வந்தது. இடையில் அம்மா சில நாள் அடிவயிறு எரிகிறது, இடுப்பு வலிக்கிறது என்றார். இவ்வளவு தண்ணீர் குடிக்கிற ஆளுக்கு ஒன்றும் வராது, கூடை தூக்குகிற வலிதான் என்று நான் பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டேன்.

டாக்டர் துண்டிலிருந்து தலையை எடுத்து, அவரிடமே கேளுங்கள் என்றார். கேட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அத ஊத்திருவேன் தம்பி. கொழுந்து நிறுத்துட்டு வாறப்ப தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்திருவேன்."

"ஏம்மா?"

"குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? கீழ ரோடு, மேல கங்காணி. லயத்து வீட்டுக்கு வந்துட்டுப் போனா ரெண்டு கிலோ கொழுந்து கொறைஞ்சிரும். அரைப்பேர் போட்டுருவாங்க." பிறகு, "வெறும் போத்தலப் பாத்தா ஒனக்குச் சந்தோசமா இருந்திச்சி" என்றார்.

அதையும் நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம் என்று விளக்கினேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

தண்ணீர் குறைந்தது மட்டும் காரணமில்லை என்றார் டாக்டர். பிரஷர் இருக்கிறது, கல் இருக்கிறது, அடக்கி அடக்கிக் கிருமி மேலே ஏறியிருக்கிறது. எரிச்சல் வந்த நாளிலேயே கூட்டி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இனிமேல் நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு அரை லீட்டர் போதும்.

அந்தப் போத்தல் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. காலையில் இரண்டாவது கோடுவரை நிரப்பி வைக்கிறேன். தேத்தண்ணி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் கழியும். பகல் முடியுமுன் அது முடிந்துவிடும். பிறகு அம்மா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு பீலித் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி இருப்பார். "ஒரு வாய் தாயேன் தம்பி" என்பார். நான் கொடுப்பதில்லை. முன்பு குடி குடி என்று சண்டை பிடித்ததும் என்னுடைய இதே வாய்தான்.

பக்கத்துப் பெண்கள் இன்னும் தண்ணீர் இல்லாமல்தான் மலைக்கு ஏறுகிறார்கள். மலையில் ஒரு கக்கூஸ் கேட்டு நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குத் தோட்டத்து ஆபீசில் இருந்து பதில் இல்லை.

கண்டியில் வைத்தியம் இலவசம். ஆனால் அது முடிந்தபின் அம்மாவால் பஸ்ஸில் நிற்க முடியாது. திரீவீலர் போய்வர ஏழாயிரம். இருபத்தாறு வருடம் அரைப்பேர் விழாமல் உழைத்ததற்கு அம்மா வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணம் போன மாதத்தோடு முடிந்தது. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.