வெற்றிலை பாக்கு இல்லாத பத்திரிகை

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் டவர் கிடையாது. அதனால் ஜீப் ஓட்டும் ஏழுமலையிடம் போனைக் கொடுத்தனுப்புவோம். வெள்ளிமலையில் மெசேஜெல்லாம் இறங்கியதும் திருப்பிக் கொண்டுவருவார்.

அன்று என் வாசலில் நின்றபடியே, “அக்கா, கல்யாணப் பத்திரிகை வந்துகீது” என்று அதைத் திறந்தார். ‘ஆபத்தான ஃபைல்’ என்று போன் எச்சரித்தது. “இது எப்பவும் இப்படித்தான் கத்திக்கினு கெடக்கும்” என்று அதைத் தள்ளிவிட்டு அழுத்தினார். பத்திரிகை வரவில்லை. உங்கள் மெசேஜ்களைப் படிக்கலாமா என்று கேட்டது.

எனக்குச் சுருக்கென்றது. “வெத்தல பாக்கு வைக்காம நம்மள யாருப்பா கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்க?” என்று போனைப் பிடுங்கி அணைத்தேன்.

மறுநாள் கள்ளக்குறிச்சி சைபர் கிரைம் போலீஸில் காட்டினேன். “திருட்டு ஆப்புங்க. டவர் இருந்து, ‘சரி’ன்னும் அழுத்தியிருந்தா பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போயிருக்கும்” என்றார் அதிகாரி. போனைச் சுத்தம் செய்து, போன் கம்பெனியிடம் சொல்லி அதை அனுப்பியவனின் நம்பரையும் முடக்கினார்கள். அடுத்த வாரமே வேறு நம்பரிலிருந்து அதே பத்திரிகை வந்தது.

இப்போது யார் அனுப்பினாலும் நான் திறப்பதில்லை. போன மாதம் வெள்ளிமலையில் இருக்கும் என் சொந்தத் தம்பியே மகள் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பினான். அழித்துவிட்டு ஏழுமலையிடம் சொன்னேன்: “வெத்தல பாக்கோட வூட்டுக்கு வரச் சொல்லுப்பா.”